நெல்வயல் நடுவே ஓர் இருப்புப்பாதை



ரயிலில் ஏறி இயற்கைக் காட்சி காணப் புறப்படுங்கள் என்று யாரேனும் சொன்னால் உங்கள் மனம் உடனே நீலகிரிக்குத்தான் ஓடும். மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரத்தின் துணைகொண்டு மலையேறும் அந்தச் சிறு வண்டி 1908ஆம் ஆண்டில் உதகையை எட்டியது. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலும் இடம் பெற்றுவிட்டது. சற்று அதிகம் படித்தவர்கள் சுவிட்சர்லாந்தைச் சொல்வார்கள். இலங்கைக்குப் போய் வந்தவர்கள், கண்டியிலிருந்து தேயிலைத் தோட்டங்களினூடே பதுளைக்குச் செல்லும் வண்டியைச் சொல்வார்கள். இவை எல்லாவற்றிலும் மலை உண்டு, அருவி உண்டு, இருள் சூழ்ந்த குகைப்பாதை உண்டு. குகைக்குள் வண்டி நுழையும்போது கூச்சலிடுவதற்கென்றே சில பிள்ளைகள் டிக்கெட் வாங்குகின்றனர் என்பதும் நான் அறிந்ததே.

நான் இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட நாட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. மலை இருக்கட்டும், குன்று என்று சொல்லத்தக்க ஒரு மேடுகூட இல்லை. பெரிய கோயிலைக் கட்டிய இராசராசன் அதற்கு வேண்டிய கல்லையே வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்த நாடு அது. தஞ்சைத் தரணி என்று அதனைச் சொல்கின்றோம். அங்கே ரயில் சன்னலருகே அமர்ந்தால் காண்பது வயல், வாய்க்கால், மூங்கில் கொத்து, தென்னை, தொலைவில் ஒரு கோபுரம். அது மறைந்ததும் மீண்டும் வயல். இதில் காண என்ன இருக்கின்றது என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான்.

என் ஊர் ஆக்கூருக்கு அருகே ஒரு சிறு கிராமம். மாயவரம் என்றும், பிறகு மாயூரம் என்றும் வழங்கி, 1982ஆம் ஆண்டு முதல் மயிலாடுதுறை என்று பெயர் பெற்ற நகரத்திலிருந்து தரங்கம்பாடிக் கடற்கரைக்கு அக்காலத்தில் ஒரு கிளைப்பாதை இருந்தது. அதன் நீளம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி என்று நிலையங்களின் பெயரை வாய்ப்பாடு போல ஒப்பித்த பிள்ளைகள் நாங்கள். மன்னம்பந்தலில் இருந்த கல்லூரிக்கு நான் அந்த வண்டியில்தான் போய்வந்தேன். எஞ்சினுக்கு அவசரம் என்பதே தெரியாது. வரப்பின் மேல் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நாங்கள் ஓடி வருவதைக் கண்டால் ஓட்டுநர் நீளமாக ஓர் ஊதல் கொடுப்பார். அதன் பொருள் ‘புறப்படுகின்றேன்’ என்பதா, ‘விழுந்துவிடாதே, மெதுவாக வா’ என்பதா என்று எங்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. ஏறிய பிறகு நாங்கள் சன்னலுக்கு வெளியே பார்த்ததே இல்லை. வெளியே இருந்தது எங்கள் வயல்தானே! அதில் பார்க்க என்ன இருக்கின்றது?

அந்தப் பாதை 1986ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் பிறகுதான் நான் அதனைப் பார்க்கத் தொடங்கினேன் என்று சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். ஆயினும் உண்மை அதுதான். அன்று முதல் டெல்டாவில் ஓடும் மற்றப் பாதைகளில் ஏறும்போதெல்லாம் சன்னலை விட்டு நான் முகத்தை எடுப்பதில்லை. அப்படிப் பார்த்துக் கற்றுக்கொண்ட சிலவற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் ஆறுகளைச் சொல்லவேண்டும். காவிரி முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, கல்லணையில் வெண்ணாறாகவும் காவிரியாகவும் பிரிகின்றது. 1934ஆம் ஆண்டில் வெட்டி முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் அங்கிருந்தே தெற்கு நோக்கிப் போகின்றது. பிறகு காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு முதலியவை பிரிகின்றன. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு முதலியவை பிரிகின்றன. மற்ற நாடுகளில் கிளையாறுகள் வந்து பேராற்றில் கலக்கும். இங்கோ பேராறு தன்னைக் கிளைகளாகப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே போகின்றது. எல்லாம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. விரித்த கைவிரல்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பொழுது ஓர் இருப்புப்பாதையை இந்த நாட்டில் அமைக்கவேண்டும். நீங்கள் பொறியாளர். எப்படி அமைப்பீர்கள்? விரல்களுக்கு இடையே, அவை நீண்டிருக்கும் திசையிலேயே, மேற்கிலிருந்து கிழக்காகப் போட்டால் பாலங்கள் குறையும். விரல்களுக்குக் குறுக்காக, வடக்கிலிருந்து தெற்காகப் போட்டால் விரலுக்கு ஒரு பாலம் கட்டவேண்டும். இந்நாட்டில் முதலில் அமைந்த பாதை எது தெரியுமா? நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861ஆம் ஆண்டில் அமைந்த பாதை. அடுத்த ஆண்டே அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. கிழக்கு மேற்காக, ஆறுகளோடு ஆறாக அது போகின்றது. கடலில் வந்து இறங்கும் சரக்கு உள்நாட்டுக்குப் போகவும், உள்நாட்டுப் பொருள் கடலுக்கு வரவும் வேண்டியிருந்ததால் அந்தத் திசை அமைந்தது என்பது உண்மை. ஆயினும் நிலத்தின் போக்கும் வாணிகத்தின் போக்கும் அங்கே ஒத்துப்போயின.

அந்தப் பாதையை அமைத்தது ‘கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே’ என்ற ஆங்கிலக் கம்பெனி. அது ஐந்தரை அடி அகலத்தில் தண்டவாளம் போட்டது. 1870ஆம் ஆண்டையொட்டி அரசாங்கம் செலவைக் குறைக்க எண்ணி, புதிய பாதைகளை ஒரு மீட்டர் அகலத்தில் போடலாம் என்று முடிவு செய்தது. சென்னையிலிருந்து தெற்கே போட்ட பாதைகள் மீட்டர் பாதைகளாயின. அவற்றோடு சேரவேண்டும் என்பதற்காக, 1875ஆம் ஆண்டில் நாகப்பட்டினம் பாதையின் அகலத்தையும் குறைத்துவிட்டார்கள். பிறகு ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, அதே பாதையை நாம் மீண்டும் ஐந்தரை அடிக்கு அகலப்படுத்தினோம்! பாட்டன் வாங்கிய வீட்டைத் தந்தை விற்க, பேரன் மீட்டுக்கொண்ட கதைபோல இருக்கின்றது அல்லவா?

நாகப்பட்டினம் பாதை கொண்டுசென்ற சரக்கில் ஒன்றைப் பற்றி மட்டும் சிறிது சொல்லிவிடுகின்றேன். அது மனிதர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்பிய காலத்தில் நாகப்பட்டினம் ஒரு பெரிய வாயிலாக இருந்தது. திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்டவர்கள் இந்த ரயிலில் வந்து இறங்கி, முகாமில் தங்கி, பிறகு கப்பலேறினார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜுலா’ என்னும் கப்பலின் பெயரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். கோயில்வெண்ணி, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீவளூர், சிக்கல் என்று இந்த நிலையங்களின் பெயர்ப் பலகைகளைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கடல் கடந்தவர்கள் எத்தனை பேரோ! அவர்களுக்கும் இது ஓர் இயற்கைக் காட்சிப் பயணம்தான். ஆனால் திரும்பும் டிக்கெட் இல்லாத பயணம்.

கீவளூர் என்றேன். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா கடந்துபோக என்னால் இயலவில்லை. அந்த நிலையத்திற்குச் சில கல் தொலைவில் கீழ்வெண்மணி இருக்கின்றது. கூலி உயர்வு கேட்டுப் பூசல் மூண்டிருந்த காலத்தில், 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அங்கே 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்கள் உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சன்னலிலிருந்து நடவு வயலைக் காணும்போது ‘ஆகா, என்ன பசுமை!’ என்று சொல்வது எளிது. அந்தப் பசுமையில் முழங்கால் சேற்றில் குனிந்து நிற்பவர்கள் யார், அவர்கள் நிமிர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதையும் தெரிந்துகொண்டு பார்க்கவேண்டும். தெரிந்துகொண்ட பிறகும் வயல் அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் அது வேறு அழகு.

குறுக்குப் பாதைகளுக்கு வருவோம். மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாகத் தெற்கே முத்துப்பேட்டைக்குப் போகும் பாதை 1894ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1903ஆம் ஆண்டு வாக்கில் அறந்தாங்கி வரை சென்றது. காரைக்குடியை 1952ஆம் ஆண்டில் எட்டியது. விரல்களுக்குக் குறுக்கே செல்லும் பாதை அது. அதில் ஏறினால் பத்து நிமிடத்திற்கு ஒரு பாலம் தடதடக்கும். இந்தப் பாதையின் சிறப்பு அதன் பாலங்களில் இல்லை. அதற்குப் பணம் வந்த வழியில் இருக்கின்றது. லண்டனில் பங்கு விற்றுச் சேர்த்த பணமன்று அது. தஞ்சை ஜில்லா போர்டு, நிலவரியோடு சேர்த்து இருப்புப்பாதைக்கென்றே ஒரு தனி வரியைப் பல ஆண்டுகள் தண்டிச் சேர்த்த பணம். அரைக் காணி வைத்திருந்தவனும் வரியைக் கட்டினான். ரயில் என்றால் வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்தது என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம். இந்தப் பாதையைப் பொறுத்தவரையில், அதில் ஓடிய வண்டிக்கு நெல் விற்ற காசு அச்சாணி.

இனி மண்ணைப் பற்றி. இந்தச் சமவெளியில் ஆறுகள் பள்ளத்தில் ஓடுகின்றன என்று நீங்கள் எண்ணியிருந்தால் அதனைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வண்டலைக் கொண்டுவந்து தன் இரு கரைகளிலும் கொட்டியதால், ஆறுதான் மேட்டில் ஓடுகின்றது. வயல்கள் அதற்குத் தாழ்வாக இருக்கின்றன. அதனால்தான் ஏற்றம் இறைக்காமல் மதகைத் திறந்தாலே தண்ணீர் தானாகப் பாய்கின்றது. வயலில் மிஞ்சியது இரு ஆறுகளுக்கு இடையேயுள்ள தாழ்வில் வடிந்து, வடிகாலாக ஓடுகின்றது. சற்றுத் தொலைவில் அந்த வடிகாலே கீழேயுள்ள ஊருக்குப் பாசன வாய்க்காலாக மாறிவிடும். மேலூர்க்காரனுக்கு வேண்டாத தண்ணீர் கீழூர்க்காரனுக்கு வேண்டிய தண்ணீர். இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டிற்குக் குறுக்கே ரயிலுக்கென்று நீளமாக ஒரு மண்கரையை எழுப்பினால் என்ன ஆகும்? கரைக்கு ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி என்றாகிவிடும். ஆகவே பாதைக்கு அடியில் சிறிதும் பெரிதுமாக மதகுகள் வைக்கவேண்டியிருந்தது. வண்டி ஓடும்போது, சக்கர ஒலி சட்டென்று ஒரு நொடி மாறி மீண்டும் பழைய தாளத்திற்கு வருவதைக் கவனித்துக் கேளுங்கள். கீழே ஒரு வாய்க்கால் போகின்றது என்று பொருள்.

நீருக்கு வழிவிடாத பாதை எவ்வளவு கொடியது என்பதற்குத் தமிழ்நாடு ஒரு பெரும் விலை கொடுத்திருக்கின்றது. டெல்டாவிற்கு வடமேற்கே, அரியலூருக்கு அருகில், 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பழுதுற்று, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். மழைக்காலத்தில் பாலத்தை நெருங்கும்போது வண்டி நடைவேகத்தில் ஊர்ந்தால் பொறுமையிழந்து முணுமுணுக்காதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறை வரையுள்ள ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர்தான் எனக்கு எல்லாவற்றிலும் உகந்த பயணம். ‘மெயின் லைன்’ என்று எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப்பாதை 1920களின் இறுதியில் அமைந்தபோது, விரைவு வண்டிகள் பலவும் அந்தப் பக்கம் போய்விட்டன. பெயர் மட்டும் இதற்கு ‘மெயின் லைன்’ என்றே நிலைத்துவிட்டது! செல்வம் குறைந்த பிறகும் பட்டப்பெயரை விடாத பழைய பண்ணையாரைப் போல.

தஞ்சாவூரை விட்டதும் வடவாறு வரும். அடுத்து வெண்ணாறு, வெட்டாறு. இடையே திட்டை நிலையம். பிறகு பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம், சுந்தரப்பெருமாள்கோயில், சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம். பெயர்களைச் சொல்லும்போதே தேவாரத் திருவுலாப் போல இருக்கும். சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்ப்பவர்கள் வாழ்கின்றனர். அங்கே சிலைக்கு வேண்டிய வார்ப்பு அச்சும் காவிரியின் வண்டல் மண்ணால்தான் ஆகின்றது. தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுத்த ஐராவதேசுவரர் கோயில் 2004ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களோடு சேர்க்கப்பட்டது. கும்பகோணத்தைத் தாண்டினால் திருநாகேசுவரம், திருவிடைமருதூர், ஆடுதுறை. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 1960களின் நடுவில் அங்கிருந்து வந்த ‘ஏடிடி 27’ என்னும் நெல்லைக் குறுவைக்கு நடாத உழவர் எங்கள் பகுதியில் அரிது. அதற்கடுத்த நரசிங்கன்பேட்டையில் நாகசுரம் கடைகின்றனர். பிறகு குத்தாலம், அதன் பிறகு மயிலாடுதுறை.

எந்த மாதத்தில் போகலாம் என்று கேட்டால், ஒருமுறை போய்ப் பயனில்லை என்பேன். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே நீர் இருக்குமானால் ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்குத் திறப்பது வழக்கம். அதற்குச் சில வாரங்கள் கழித்துப் போனால், பெரிய வயல்களின் மூலையில் ஒரு பாயளவு இளம்பச்சை தெரியும். அது நாற்றங்கால். மற்ற இடமெல்லாம் சேறும் அதில் வானத்தின் நிழலுமாக இருக்கும். அப்போது ரயில் கண்ணாடியின் மேல் ஓடுவது போலத் தோன்றும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வயலுக்கும் வாய்க்காலுக்கும் வேற்றுமை தெரியாது. பயிரின் நுனி மட்டும் தெரியும். உழவன் வானத்தையும் வடிகாலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பான். தை பிறந்தால் எங்கும் பொன்னிறம். நீங்கள் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதிரின் அடியில் வேறொன்றும் நடந்துகொண்டிருக்கும். அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்னரே, ஈரம் காயாத மண்ணில் உளுந்தையும் பயற்றையும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த அரிதாளுக்கிடையே அது தலைதூக்கும். மாசியில் போனால் இந்த இரண்டாம் பச்சை. சித்திரையில் வெடித்த மண், ஆட்டுக்கிடை, அரிதாளில் மேயும் வாத்துக்கூட்டம். இந்தக் கணக்கு தெரிந்தவனுக்கு, சன்னலைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். சில ஆண்டுகளில் அணை திறக்கத் தாமதமாகும். அந்த ஆண்டு ஆடியிலும் சன்னலுக்கு வெளியே சித்திரையே இருக்கும். அன்று பெட்டியில் பேச்சும் குறைவாகவே இருக்கும்.

பழைய நாளில் இந்தப் பாதையில் நான் விரும்பிப் பார்த்த ஒன்று உண்டு. தஞ்சாவூருக்கும் விழுப்புரத்திற்கும் இடையே இது ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் ஒரே துண்டில் நுழைந்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒரு சோடிக் கருவிகளை வைத்து, மின்கம்பியால் இணைத்திருந்தார்கள். அவற்றினுள் இரும்புப் பந்துகள் இருக்கும். இரண்டு கருவிகளிலுமாகச் சேர்த்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பந்தைத்தான் வெளியே எடுக்க முடியும். அந்தப் பந்து கையில் இருந்தால்தான் ஓட்டுநர் நிலையத்தை விட்டுப் புறப்படலாம். அதனைப் பிரம்பு வளையத்தோடு சேர்ந்த தோல்பையில் இட்டு, நிற்காமல் ஓடும் வண்டிக்குக் கையை உயர்த்தி ஓர் ஊழியர் நீட்டுவார்; எஞ்சினில் இருப்பவர் ஒரு கையால் பழைய வளையத்தை எறிந்துவிட்டு, மறு கையால் புதியதை மாட்டி இழுத்துக்கொள்வார். எந்தச் சர்க்கசிலும் நான் அத்தகைய வித்தையைக் கண்டதில்லை. ஒரு பந்து, ஒரு வண்டி, அவ்வளவுதான் விதி. இன்று அந்த வேலையை மின்கருவிகளும் விளக்குகளும் பார்த்துக்கொள்கின்றன. வளையம் பொருட்காட்சிச் சாலைக்குப் போய்விட்டது.

தரங்கம்பாடிப் பாதையைப் பற்றி இன்னும் முழுவதும் சொல்லவில்லை. தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620ஆம் ஆண்டில் கோட்டை கட்டினார்கள். அங்கேதான் சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்துத் தமிழ் நூல்களை அச்சிட்டார். 1845ஆம் ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து நாகப்பட்டினத்திற்கு ரயில் வந்தது, கப்பல்களும் வணிகர்களும் ரயில் இருக்கும் துறைமுகத்தையே நாடினர், தரங்கம்பாடி உறங்கிப்போயிற்று. தண்டவாளம் அந்த ஊருக்கு வந்துசேர்ந்தது 1926ஆம் ஆண்டில்தான். நோயாளி எழுந்து போன பிறகு மருந்து வந்த கதை! துறைமுகத்திற்கு அது பயன்படவில்லை. ஆனால் எங்களுக்குப் பயன்பட்டது. திருக்கடையூருக்குப் போகும் அறுபதாம் கல்யாணத் தம்பதியர், சந்தைக்குப் போகும் தயிர்க்காரிகள், மீன்கூடைக்காரர், எங்களைப் போன்ற மாணவர்கள் என்று இவர்கள்தான் அதன் பயணிகள். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று இளம் வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் பிறந்த தில்லையாடியும் இந்த வழியில்தான் இருக்கின்றது. காந்தியடிகள் 1915ஆம் ஆண்டில் தில்லையாடிக்கு வந்தபோது இந்த ரயில் இல்லை. இன்றும் இல்லை.

சாலையில் பேருந்துகள் பெருகின, ரயிலில் வருவாய் குறைந்தது, ஆகவே மூடினார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கணக்கில் என் பாட்டியார் எந்தப் பத்தியில் வந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பேருந்தில் பரங்கிக்காய்க் கூடையை ஏற்றவிட மாட்டார்கள் என்பதற்காக, பாதை மூடிய பின் அவர் மாயூரத்துச் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். விற்பனை நின்றது மட்டுமன்று. வாரத்தில் ஒருநாள் தம் வயதொத்த நால்வரோடு பெட்டியில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவதும் நின்றது.

மூடியவை எல்லாம் மூடியே கிடக்கின்றன என்று எண்ணவேண்டா. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குப் போகும் பாதை பல்லாண்டு மறைந்திருந்து, 2011ஆம் ஆண்டில் புதிதாக எழுந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாக அகத்தியம்பள்ளிக்குச் செல்லும் 37 கிலோமீட்டர்ப் பாதை அகலப்படுத்தப்பட்டு, 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. உப்பளங்களின் ஓரமாக அது போகின்றது. 1930ஆம் ஆண்டில் இராசாசியும் தொண்டர்களும் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து அந்த ஊருக்குச் சென்றபோது ரயிலை விட்டுவிட்டு நடந்தே போனார்கள். ஊர் ஊராக மக்களைப் பார்க்கவேண்டும் என்றால் நடைக்கு நிகரில்லை அல்லவா?

நடைக்கு அடுத்தபடியாக ஒரு ரயிலைச் சொல்லலாம். திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குச் செல்லும் பாதையை அகலப்படுத்தி 2019ஆம் ஆண்டில் திறந்தார்கள். வழியெல்லாம் ரயில்வே கேட்டுகள். ஆனால் கேட்டுகளில் ஆள் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கேட் ஊழியர்களை வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கேட்டிற்கும் முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி கடந்து மீண்டும் நிற்கும். பின்னாலிருந்து இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். நூற்றைம்பது கிலோமீட்டர் செல்ல ஆறு மணி நேரத்திற்கு மேலாயிற்று. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதனால் பயன் இல்லை; அவர்கள் குறைகூறியதில் நியாயம் இருந்தது. பின்னர் ஆட்களை அமர்த்தி நேரத்தைக் குறைத்தார்கள். நான் ஒருமுறை அந்த ஆறு மணி நேரத்தையும் அமர்ந்து கடந்தவன். தில்லைவிளாகத்துப் பக்கத்தில் ஒரு கேட்டில் நின்றபோது, கேட்டிற்கு அப்பால் காத்திருந்த வண்டிக்காரர் ஒருவர், நுங்கு வேண்டுமா என்று சன்னலைப் பார்த்துக் கேட்டார். விலை பேசி, தோல் சீவி, கையில் கொடுத்துக் காசும் வாங்கிக்கொண்டார். வண்டி அதன் பிறகே நகர்ந்தது. சுவிட்சர்லாந்தில் இது கிடைக்காது.

பெருந்தொற்று வந்த 2020ஆம் ஆண்டில் நாடெங்கும் பாசஞ்சர் வண்டிகள் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது அவற்றில் பலவற்றிற்கு விரைவு வண்டிக் கட்டணம் வைத்தார்கள். பத்து ரூபாய்க்குப் போன இடத்திற்கு முப்பது ரூபாய் ஆயிற்று. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் பழைய கட்டணம் திரும்பியது. இருபது ரூபாய் வேறுபாடு உங்களுக்குச் சிறிதாகத் தோன்றலாம். பண்டாரவாடையிலிருந்து கும்பகோணத்திற்கு நாள்தோறும் கடை வேலைக்குப் போகும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். அழகிய மலை ரயில்களுக்கு உலகெங்கும் காவலர் இருக்கின்றனர். சிறு நிலையத்தில் நின்று போகும் வண்டிக்கு, அதில் ஏறுகிறவர்தாம் காவல்.

நீங்கள் புறப்படுவதானால் ஒரு குறிப்புச் சொல்லுகின்றேன். தஞ்சாவூரில் பகல் வண்டியாகப் பார்த்து ஏறி, வண்டி போகும் திசையைப் பார்த்து அமர்ந்து, இடப்பக்கத்துச் சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். காவிரி அந்தப் பக்கத்தில்தான் உங்களோடு வருகின்றது. ஆனால் தென்படாது. தொலைவில் மரங்களின் வரிசையாக மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும். மயிலாடுதுறையில் இறங்கிவிடாமல் சிதம்பரம் வரை போங்கள். மயிலாடுதுறையை விட்டு வடக்கே திரும்பியதும் ஒரு சிறு பாலம் வரும். கண்ணிமைத்தால் தவறிவிடும் அளவுக்குச் சிறியது. கீழே ஓடுவதுதான் காவிரி. குடகில் பிறந்து, மேட்டூரை நிறைத்து, திருச்சிராப்பள்ளியில் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்த பேராறு, இங்கே ஒரு வாய்க்காலின் அளவே இருக்கும். மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்கப் பெருகும். இது கொடுத்துக் கொடுத்துச் சிறுத்துவிட்டது. பிறகு வைத்தீசுவரன்கோயில், சீர்காழி. அதற்குப் பின் கொள்ளிடம் நிலையத்தை அடுத்து நீண்டதொரு பாலத்தில் வண்டி ஏறும். கோடையானால் கீழே அகன்ற வெண்மணல். அதன் நடுவே ஒரு நூல் போலத் தண்ணீர். கரையோரமாகக் குளிக்கும் சிறுவர்கள் ரயிலுக்குக் கையசைப்பார்கள். நீங்களும் கையசையுங்கள்.